சுக்கான் நைனா வயிறெரியாத பாத்தி

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை கடலோரமாகவே நடந்து போனால், பொறாமைப்படாத ஒரு மனிதரைக்கூட நீங்கள் பார்க்க முடியாது. ஆனால் எல்லோரும் அதை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, வெளியே ‘ரொம்ப சந்தோஷம்ங்க’ என்று பல்லைக் காட்டுகிறவர்கள். நானும் அந்த ரகம்தான். பட்டப்பகலில், நடுத்தெருவில், எதிராளியின் முகத்துக்கு நேராக நின்று “எனுக்கு வவுறு எரியுதுப்பா” என்று சொன்ன ஒரே மனிதர் சுக்கான் நைனாதான். சொல்லி முடித்ததும் அவருக்கு எரிச்சல் தீர்ந்துவிடும். அந்த வீட்டிலேயே ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

திருவொற்றியூர் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்து, காலமெல்லாம் படகில் சுக்கான் பிடித்தவர். முட்டி தேய்ந்துபோய்க் கரையோடு நின்ற பிறகும் கைகள் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்தால் டிரைவரின் தோளைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். “பெர்சு, வண்டி என்து, தோளு என்து, கொஞ்சம் கைய எடு” என்று டிரைவர் கெஞ்சுவார். “நீ ஓட்டு நைனா, நான் திருப்பிக்கினு வரேன்” என்பார் இவர். அப்படி வந்ததுதான் பெயர். சொந்தப் பெயரை அவர் சம்சாரமே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பொறாமைப்படுவதற்கு அவருக்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். எதிர்வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. பார்க்கப் போன நைனா, கட்டில் பக்கத்தில் அடுக்கியிருந்த பழங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“எனுக்கு எத்தினி தபா காய்ச்சல் வந்துகீது! ஒரு கமலாப்பயம் வந்துச்சா? உனுக்கு வவுத்த கியிச்சு தச்சதுக்கு ஒரு கடையே வந்துகீது. எரியுதுப்பா!”

தையல் பிரிந்துவிடும் போலச் சிரித்த அந்த மனிதர், பாதிப் பழத்தை நைனாவிடமே கொடுத்தனுப்பினார்.

கொருக்குப்பேட்டையில் ஒரு சாவு. நானும் நைனாவும் போயிருந்தோம். தெருவெல்லாம் கூட்டம். மாலைகள் வந்துகொண்டே இருந்தன. நைனா மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு என் காதருகே வந்தார். அவருடைய ரகசியக் குரல் என்பது துறைமுகத்தில் கப்பலுக்குக் கேட்கிற குரல்.

“இன்னா கூட்டம் பாத்தியா அண்ணாச்சி! ரயில்வே கேட்டு வரிக்கும் நிக்குது. சாவறதுன்னா இப்டி சாவணும். நம்ம சாவுக்கு நாலு பேரு வருவானா?”

செத்தவரின் மூத்த மகன் திரும்பிப் பார்த்தார். அடி விழப் போகிறது என்று நான் நினைத்தேன். அவரோ நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அப்பாவைப் பற்றி அன்று யாரும் அவ்வளவு உயர்வாகச் சொல்லவில்லையாம்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் தோட்டத்துக்குள் விட்டோம்.

விம்கோ நகர் பக்கம் பழைய தொழிற்கூடம் ஒன்று இருந்த காலி இடத்தில் பூங்கா வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. எதையும் முறைப்படி செய்கிறவர். அவர் மூளையில் உதித்ததுதான் ‘பல ஊர்த் தோட்டம்’. வடசென்னை என்பதே நாலா திசையிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஊர். ஆகவே ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒரு பாத்தி. அவரவர் மண்ணின் செடியை அவரவர் வளர்க்க வேண்டும். அவரவர் பண்டிகையை அங்கேயே கொண்டாட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் சேர்ந்து ஒரு பெருவிழா.

துறைமுக வேலைக்கு வந்த ஆந்திரக் குடும்பங்களின் பாத்திக்கு சுப்பம்மாக்கா பொறுப்பு. பர்மாவிலிருந்து வந்தவர்களின் பாத்தியில் எலுமிச்சைப் புல். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்கும் பீகார்க்காரர்கள் கடுகு விதைத்தார்கள். தெற்கத்தி வியாபாரிகளின் பாத்தி என் தலையில் விழுந்தது. அப்பா திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை போட்டவர். கடையில் இன்றும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு விவசாயம் எவ்வளவு தெரியும் என்றால், வாழை என்பது கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிற ஒரு பொருள் என்ற அளவுக்குத் தெரியும்.

ஆனாலும் ஊர்ப் பெருமை விடுமா? கருப்பட்டி லோடு வந்த லாரியிலேயே தேரிக்காட்டுச் செம்மண்ணைச் சாக்கில் கட்டி வரவழைத்தேன். வாழைக்கன்று வைத்தேன். முருங்கைப் போத்து நட்டேன். கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, “எங்க ஊர்ப் பயிர் தண்ணிய எதிர்பாக்காது. மனுசங்க மாதிரியேதான். காய்ஞ்ச மண்ணுல முட்டி மோதி வந்துரும்” என்று ஒரு போடு போட்டேன். கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் வாசலில் சுக்கான் நைனா நின்றுகொண்டிருந்தார்.

“ஆந்த்ராக்காரனுக்கு கீது, பர்மாக்காரனுக்கு கீது, அண்ணாச்சிக்கு கீது. கடல்காரனுக்கு எங்க?”

தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இது வெளியூர்லேர்ந்து வந்தவங்களோட பாரம்பரியத்துக்காக... நீங்க உள்ளூர்க்காரர் ஆச்சே?”

“அத்தான் கேக்குறேன். நாங்க எங்கயும் வர்ல. நீங்கோதான் எங்களாண்ட வந்தீங்கோ. வந்தவனுக்கு எல்லாம் எடம் குட்த்துட்டு, இருந்தவன வாசல்ல நிக்க வெச்சா இன்னா அர்த்தம்?”

தலைவர் பூங்காவின் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். கடைசியில் என் பாத்திக்கு அடுத்து, சுவரோரமாக மிச்சமிருந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

மறுநாள் மீன்பாடி வண்டி ஒன்று தடதடவென்று பூங்காவுக்குள் நுழைந்தது. அதில் செடி இல்லை, விதை இல்லை, எரு இல்லை. வண்டி நிறைய மணல். கடலோரச் சாலையில் காற்று கொண்டுவந்து ஒதுக்குகிற மணல். அதை இறக்கிப் பாத்தியில் பரப்பினார். அடுத்த நாளும் மணல். அதற்கடுத்த நாளும் மணல். தலைவர் ஓடி வந்தார்.

“என்னய்யா இது! தோட்டம் போடச் சொன்னா கட்டட வேலை செய்யிறீங்க?”

“எங்க ஊரு மண்ணு இதான் சார். அண்ணாச்சி லாரில செம்மண்ணு இஸ்தாந்தாரு, அப்போ கைதட்னீங்கோ?”

ஓரத்தில் நாலைந்து அடம்புக் கொடிகளை ஊன்றினார். கடற்கரை மணலில் தானாகப் படர்கிற கொடி. ஊதாப் பூ பூக்கும். அவ்வளவுதான் அவர் தோட்டம். நடுவில் முழுக்க வெறும் மணல். அதன் நடுவே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மற்ற பாத்திகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அவருடைய விவசாயம்.

பூங்காவுக்குள் ஆடுகள் வர ஆரம்பித்தன. தலைவர் வேலி போடுவதைப் பற்றிக் கூட்டம் கூட்டி, அதற்கு ஒரு துணைக் கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தபோது நைனா தன் பழைய வலையைக் கொண்டுவந்து வேலியாகக் கட்டினார். அவர் பாத்தியைச் சுற்றிவந்தும் வலை தீரவில்லை. அப்படியே என் பாத்தியையும் சேர்த்து வளைத்துக் கட்டிவிட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் வேலி கிடையாது. எனக்கு உள்ளூரச் சந்தேகம். சுற்றி வளைக்கிறாரே, நாளைக்கு இரண்டும் என்னுடையது என்பாரோ? தவிர, காற்றடித்தால் என் முருங்கைப்பூவில் காரப்பொடி மீன் வாசம் வந்தது.

இப்போது பொறாமைக்கு வருவோம். முதல் எரிச்சல் சுப்பம்மாக்காவின் கோங்குராவுக்குக் கிடைத்தது. அந்தப் புளிச்சகீரை இடுப்பளவு வளர்ந்து தண்டு சிவந்து நின்றது. நைனா அதன் முன்னால் போய் நின்றார். மார்பைத் தடவிக்கொண்டார்.

“சுப்பம்மா, இன்னாம்மா இது, கீரையா காடா? எனுக்கு எரியுதும்மா. அடிவவுத்துலேர்ந்து எரியுது.”

“அய்யோ தேவுடா! கண்ணு பெட்டாத நைனா!” என்று சுப்பம்மாக்கா அலறினார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பதில் தெலுங்கும் தமிழும் ஒன்றுதான். அன்று மாலையே கோங்குராப் பாத்தியில் கோரைப்பல் வைத்த திருஷ்டி பொம்மை ஒன்று முளைத்தது. செய்தி பரவி எல்லாப் பாத்தியிலும் பொம்மை வந்தது. படிகாரக் கல் தொங்கியது. பீகார்க்காரர்கள் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். தோட்டத்தில் செடியைவிட பொம்மை அதிகம் என்று ஆகிவிட்டது. புதிதாக வந்த ஒருவர் இது திருஷ்டி பொம்மைக் கண்காட்சி என்றே நினைத்து விலை கேட்டார்.

நைனா பொம்மைகளையும் விடவில்லை. ஒரு பொம்மையின் முறுக்கு மீசையைப் பார்த்துத் தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டே, “கந்தலுக்கும் வைக்கோலுக்கும் வந்துகீது. எனுக்கு வர்லியே!” என்றார்.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. நைனா வயிறெரிந்த பாத்தி எதுவும் வாடவில்லை. கீரை மேலும் தழைத்தது. கடுகு மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. உண்மையில், அவர் நன்றாக இருக்கும் செடியைப் பார்த்துத்தான் எரிவார், நன்றாக இருக்கும் செடி நன்றாகத்தானே வளரும்? இந்தச் சின்ன விஷயம் யாருக்கும் தோன்றவில்லை. நைனாவின் எரிச்சல் பட்டால் விளங்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பொம்மைகள் ஒவ்வொன்றாக இறங்கின. “நைனா, நம்ம பக்கம் கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க” என்று கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். யுகாதி அன்று ஆந்திரப் பாத்தியில் பச்சடி கொடுத்தார்கள். அதில் மிதந்த வேப்பம்பூவைப் பார்த்து எரிந்தார். பர்மாக்காரர்கள் அத்தோ என்கிற நூடுல்ஸைப் பிசைந்து கொடுத்த விழாவில், பிசைந்தவரின் கைவேகத்தைப் பார்த்து எரிந்தார். எரியப்பட்டவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்கள்.

என் பாத்தியை மட்டும் அவர் பார்த்து ஒரு நாளும் எரியவில்லை.

முதலில் நான் கவலைப்படவில்லை. இன்னும் வளரட்டும் என்று இருந்தேன். வாழை ஆளுயரம் வந்தது. நைனா வந்தார். இலையைத் தடவினார், காய்ந்த சருகைக் கிழித்துப் போட்டார், போய்விட்டார். முருங்கை காய்த்தது. ஒரு காயைப் பறித்துக்கொண்டு, “கொயம்புக்கு ஆவும்” என்று போய்விட்டார். பொங்கலுக்கு எங்கள் பாத்தியில் பனை ஓலை எரித்துப் பொங்கல் வைத்து, பனங்கிழங்கு அவித்து, கரும்புப் பந்தல் போட்டு அமர்க்களப்படுத்தினேன். நைனா திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். நான் பக்கத்திலேயே நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன நைனா, எப்படி?”

“தண்ணி குடு அண்ணாச்சி.”

எனக்கு எரிந்தது பாருங்கள், அதற்கு அந்தத் தண்ணீர் முழுவதையும் நான் குடித்திருக்க வேண்டும். ஒரு கீரைக்கட்டு முன்னால் நின்று நெஞ்சைத் தடவுகிறவர், ஒரு வாழைத்தோப்பு முன்னால் நின்று தண்ணீர் கேட்கிறார். தோப்பு என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான். நாலு வாழை. ஆனாலும்.

வீட்டில் புலம்பினேன். என் மனைவி கடைக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த மனுசன் பொறாமப்படலன்னு நீங்க பொறாமப்படுதியளா? வெளிய சொல்லிராதிய, சிரிப்பாங்க.”

“இல்ல புள்ள, சுப்பம்மாக்கா கீரையவிட நம்ம வாழைக்கு என்ன குறைச்சல்?”

“அதுக்குக் குறைச்சல் ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத்தான்.”

அந்தக் கோடையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய், அங்கே இங்கே என்று இழுத்துக்கொண்டு கிடந்துவிட்டேன். இங்கே வெயில் கொளுத்தியதாம். பர்மாப் பாத்தியில் புல்லே காய்ந்துவிட்டதாம். பயந்துகொண்டே திரும்பி வந்தால், என் வாழைகள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. அதில் ஒன்று குலை தள்ளியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

“நான் அன்னைக்கே சொன்னேன். எங்க ஊர் வாழை தண்ணி கேக்காது!”

மூலையில் உட்கார்ந்திருந்த சுக்கான் நைனாவுக்கு டீ புரையேறிவிட்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. பொறாமையில்தான் புரையேறியது என்று நான் ஒரு நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

பெருவிழா நெருங்கியது. மாநகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்து பார்க்கப் போகிறார் என்றார்கள். தலைவர் தோட்டத்தைச் சுற்றி வந்தார். மணல் பாத்திக்கு முன்னால் வந்ததும் அவர் முகம் சுருங்கியது. கூட்டத்தைக் கூட்டினார்.

“பச்சையே இல்லாத இடத்தைப் பாத்தின்னு காட்டினா நம்ம எல்லாருக்கும் அவமானம். அந்த இடத்தைப் பக்கத்துப் பாத்தியோட சேர்த்துடலாம்னு நினைக்கிறேன். அண்ணாச்சி வாழை நல்லா வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் வைக்கலாம். அண்ணாச்சி, சம்மதம்தானே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நைனா எழுந்தார். அன்று அவர் குரல் கப்பலுக்குக் கேட்காது. நாங்களே காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

“சார், எங்க குப்பத்துல முன்னெல்லாம் வூட்ட வுட்டு எறங்கினா மண்ணு. வலய காய வெப்போம். பொம்பளைங்கோ குந்தி கத பேசும். கடலு அரிச்சு அரிச்சு உள்ள வந்துட்ச்சு. அப்பால கல்லு கொட்னாங்கோ. வூடு தப்பிச்சுது, நல்லதுதான். ஆனா குந்த எடமில்ல. கல்லு மேல எவன் குந்துவான்? ஆந்த்ராக்காரனுக்கு அவங்க ஊர்ல ஊரு கீது. அண்ணாச்சிக்கு திருச்செந்தூர்ல ஊரு கீது. பஸ் ஏறினா போயிடலாம். எங்க ஊரு இங்கியேதான் இருந்துது. இப்போ அந்தப் பாத்தில மட்டும்தான் கீது. அத்தயும் எடுத்துக்கினா, நாங்க எந்த பஸ்ஸு ஏறுறது?”

 தலைவர் மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். இந்த இடத்தில் நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். என் மனதில் ஓடியது வேறு. குலை தள்ளிய வாழை விழாவுக்குள் முற்றிவிடும். அதைப் பார்த்தும் இந்த மனிதருக்கு எரியாமல் போகுமா? இப்போது இடத்தைப் பிடுங்கினால் கோபித்துக்கொண்டு தோட்டத்துக்கே வர மாட்டார். பிறகு யார் வந்து என் வாழையைப் பார்த்து எரிவது?

“விழா முடியட்டும் சார். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

நைனா என்னைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார். அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

விழா நாள் வந்தது. பறை, ஆந்திர டப்பு, டோலக் எல்லாம் ஒரே நேரத்தில் முழங்கின. மெட்ரோவிலிருந்து இறங்கியவர்கள் எல்லாம் என்னவோ என்று உள்ளே வந்துவிட்டார்கள். ‘செடிகளைத் தொடாதீர்கள், கயிற்றைத் தாண்டாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி என் பாத்தி வாசலில் நட்டிருந்தேன். வேட்டி மடிப்புக் கலையாமல் பக்கத்திலேயே நின்றேன். கூட்டம் வந்தது. வாழைக்குலையோடு செல்போனில் படம் பிடித்துக்கொண்டது. பிறகு போய் மணலில் உட்கார்ந்துகொண்டது.

முதலில் குப்பத்துப் பெண்கள்தான் உட்கார்ந்தார்கள். மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி அமர்ந்து வெற்றிலையை எடுத்தார்கள். கல் கொட்டியதிலிருந்து ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தவர்கள். பிறகு நாள் முழுவதும் இரும்பு சுமந்த சாத்தாங்காட்டுக்காரர்கள் வந்து மணலில் பாதத்தைப் புதைத்துக்கொண்டார்கள். குழந்தைகள் குழி தோண்டின. சுப்பம்மாக்காவும் தன் கீரையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மற்ற எல்லாப் பாத்தியும் நின்று பார்க்கிற பாத்தி. இது ஒன்றுதான் உட்காருகிற பாத்தி.

எனக்கு அன்று எரிந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. செம்மண், லாரி, பலகை, பந்தல் எல்லாம் இங்கே. கூட்டம் அங்கே. என் மனைவியைத் தேடினேன். அவளும் மணலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

அதிகாரி அம்மா வந்தார். தலைவர் அவரைக் கடுகு, கீரை, வாழை என்று வரிசையாகக் கூட்டிப் போனார். மணல் பாத்திக்கு முன்னால் மட்டும் வேகமாக நடந்து தாண்டப் பார்த்தார். அந்த அம்மா நின்றுவிட்டார். காலையிலிருந்து நின்று நின்று அவருக்கும் கால் வலித்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றினார். இரண்டு மீன்காரப் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

“இது யாரோட ஐடியா சார்? ரொம்ப நல்லா இருக்கு” என்றார், உட்கார்ந்தபடியே.

தலைவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “நம்ம கடல்காரங்க பாத்தி மேடம். ஆரம்பத்திலேர்ந்தே கமிட்டி இதுக்கு முழு ஆதரவு” என்றார். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால்தான் உண்மையில் பொறாமைப்பட வேண்டும். அதன்பிறகு அந்த இடத்தை எடுப்பது பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

வெற்றி பெற்ற மனிதர் எங்கே என்று பார்த்தேன். சுக்கான் நைனா வலை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“என்ன நைனா, உங்க பாத்திதான் இன்னைக்கு ஜெயிச்சிருக்கு. சந்தோஷம்தானே?”

“இன்னா சந்தோசம்? எல்லாரும் குந்திகினு கீறாங்கோ. எனுக்கு குந்த எடமே இல்ல. எரியுது அண்ணாச்சி!”

அந்த நொடியில் என் பொறுமை போய்விட்டது. தன் பாத்தியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தே எரிகிற மனிதர்!

“நைனா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. கீரையப் பாத்து எரிஞ்சீங்க. கடுகப் பாத்து எரிஞ்சீங்க. பொம்மை மீசையப் பாத்து எரிஞ்சீங்க. இந்தா நிக்குது பாருங்க வாழை, தலை கொள்ளாத குலையோட. ஒரே ஒரு நாள் எரிஞ்சீங்களா? என் பாத்தியில அப்படி என்ன குறை?”

சொல்லிவிட்டுக் குலையைக் கையால் காட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த வேலியை விரலால் சுண்டினார்.

“இது இன்னா?”

“வலை.”

“எத்தினி வல கட்டிகீறேன்?”

“ஒண்ணுதான்.”

“உன் பாத்திக்கும் என் பாத்திக்கும் சேத்து ஒரே வல. ஆங்? கடல்ல ரெண்டு கட்டுமரம் சேந்து ஒரே வலய இஸ்துகினு போவசொல்ல, ஒர்த்தன் இன்னொரு மரத்து மேல கண்ணு வெக்கக் கூடாது. வெச்சா வல கியிஞ்சிடும், மீனு பூடும். எங்கப்பன் காலத்து வயக்கம் அது. என்னிக்கு வலய சுத்திக் கட்னனோ, அன்னிக்கே உன் வாயமரம் என் வாயமரம். தன் வூட்டப் பாத்து எவனாச்சும் வவுறெரிவானா?”

நான் வலையைத் தொட்டுப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“தண்ணி கேக்காத வாயமரமாம்! மீட்டிங்குல எய்ந்து நின்னு சொல்ற! நீ ஊருக்குப் போய்க் குந்திகினியே, கொயாயிலேர்ந்து கொடம் கொடமா மொண்டாந்து ஊத்துனது யாரு? என் முட்டியக் கேளு, அது சொல்லும்.”

“ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?”

“நம்ம மரத்துக்கு நம்மளே தண்ணி ஊத்துனத எவன்கிட்ட சொல்லிகினு திரியறது? நவுரு, அங்க ஒரு எடம் காலியாவுது.”

மணலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் போய் முதல் வேலையாக அந்தப் பலகையைப் பிடுங்கினேன். வாழைக்குலையை வெட்டி, மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தேன். எனக்கும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இத்தனை நாள் எனக்குக் கிடைக்கவில்லையே என்று ஏங்கியது எவ்வளவு சின்னது, கிடைத்திருந்தது எவ்வளவு பெரியது என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை, ஊர் முன்னால், அவர் என் வாழையைப் பார்த்து எரிந்திருக்கலாம் என்ற ஆசை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது நைனா இல்லை. அடுத்து வந்த மழைக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். குப்பத்துக்குள் நுழைய முடியாத கூட்டம். சுப்பம்மாக்கா வந்தார், பர்மாக்காரர்கள் வந்தார்கள், இரும்பு மார்க்கெட்டே கடையை அடைத்துவிட்டு வந்தது. கொருக்குப்பேட்டையில் அன்று நைனாவின் கையைப் பிடித்து அழுத அந்த மூத்த மகனும் மாலையோடு வந்தார். கல் கொட்டிய கரை வரை ஆட்கள் நின்றார்கள். நாலு பேர் வருவானா என்று கேட்டவர் அதைப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பார்த்திருந்தால் தன் சாவைப் பார்த்துத் தானே வயிறெரிந்திருப்பார்.

அவர் பாத்தியில் இன்றும் சாயங்காலமானால் குப்பத்துப் பெண்கள் வந்து உட்காருகிறார்கள். வலையை நாங்கள் அவிழ்க்கவில்லை. தினமும் கடை திறக்கும் முன் போய் வாழைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியே வலைக்குள் அந்தப் பக்கம் போய், நைனாவின் அடம்புக் கொடிக்கும் ஒரு குடம் ஊற்றிவிட்டு வருகிறேன். அடம்பு தண்ணீர் கேட்காது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வாழையைப் பற்றி நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.